கிராவோ ரோட்டுக்கு நூத்திப் பன்னெண்டு கார்டு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு ஊருக்கே தெரியும். அதனால முதல்லயே சொல்லிடறேன், அந்தச் சட்டத்துக்கு நான் எதிரி இல்ல. குழந்தைங்க மேல கை வெச்சவன் ஜெயில்லேர்ந்து வெளியில வந்தா, அவன் தங்கற இடத்தைச் சுத்தி ஒரு மைலுக்குள்ள இருக்கற ஒவ்வொரு வீட்டுக்கும் தன் கைக்காசைப் போட்டுக் கார்டு அனுப்பணும். பேரு, போட்டோ, விலாசம், செஞ்ச குற்றம், எல்லாம் அதுல இருக்கணும். எங்க லூசியானாவுல அப்படித்தான். இருபத்து மூணு வருஷமா நாலாம் நம்பர் ரூட்டுல தபால் போடறவ நான். அந்த மாதிரிக் கார்டு இதுக்கு முன்னாடி மூணு தடவை என் கை வழியா போயிருக்கு. மூணு தடவையும் ஒவ்வொரு பெட்டி மூடியையும் படார்னு சாத்திட்டுத்தான் வந்தேன். ஜனங்களுக்குத் தெரியட்டும், நல்லாத் தெரியட்டும்.

நாலாவது கட்டு வந்தது ஈஸ்டருக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலையில. எங்க போஸ்ட் மாஸ்டர் மிஸ்டர் கர்ட்டிஸ் அதைக் கொண்டு வந்து என் மேஜையில பொத்துனு போட்டார்.

"வெர்னா, உன் ரூட்டுக்கு நூத்திப் பன்னெண்டு கார்டு. எல்லாம் கிராவோ ரோடு. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத, நான் எழுதல."

தபால்காரி கார்டைப் படிக்க மாட்டான்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மேல இருந்த கார்டை எடுத்தேன். டர்வின் லெமோயின். கன்னம் ஒட்டிப் போயிருந்துச்சு, கண்ணு மட்டும் அதே கண்ணு. வயசு நாப்பத்து நாலு, கிராவோ ரோடு நானூத்திப் பதினெட்டாம் நம்பர், அதாவது அவன் அம்மா வீடு. குற்றம்: டெக்சஸில் பதினோரு வயதுப் பெண் குழந்தையிடம் பாலியல் குற்றம். அதோட நிறுத்தியிருந்தா நான் பேசாம அடுக்கியிருப்பேன். கீழ ரெண்டு வரி சேத்திருந்தாங்க. 'இது குடும்பத்துக்குள் நடந்த விஷயம். வெளிக் குழந்தைகளுக்கு இவரால் எந்த ஆபத்தும் இல்லை.'

அந்த ரெண்டு வரியை மறுபடி படிச்சேன்.

டர்வின் குடும்பத்துல அந்த வயசுல இருந்த பொண்ணு ஒருத்திதான். எலோடி. அவன் பெத்த பொண்ணு இல்ல, அவன் கட்டிக்கிட்ட ஷெரிலோட பொண்ணு. ஷெரில் என்னோட பள்ளிக்கூடத்துல ஒண்ணா படிச்சவ. எலோடிக்கு ஞானஸ்நானம் கொடுத்தப்போ அவளை ஏந்திக்கிட்டு நின்ன ஞானத்தாய் நான், எங்க ஊர்ப் பேச்சுல சொன்னா நனான். கல்யாணம் ஆனதும் மூணு பேரும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வேலைக்காக டெக்சஸ் போனாங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி தாயும் மகளும் மட்டும் திரும்பி வந்தாங்க. ஷெரில் விவாகரத்துன்னு ஊருக்குச் சொன்னா. டர்வினோட அம்மா மிஸ் ஓடெல், வயசுல பெரியவங்களை இங்க மிஸ்னுதான் சொல்லுவோம், மகன் போதை மருந்து கேஸுல உள்ள போயிட்டான்னு சொல்லிக்கிட்டாங்க. கேஸ் நடந்தது நூத்தி அம்பது மைல் தள்ளி. இந்த ஊர்ல உண்மை தெரிஞ்சவங்க நாலே பேரு: எலோடி, ஷெரில், மிஸ் ஓடெல், நான்.

எலோடிக்கு இப்போ பதினஞ்சு வயசு. பள்ளிக்கூட பேண்டுல கிளாரினெட் வாசிக்கறா. முதல் ரெண்டு வருஷம் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரிஞ்ச பொண்ணு, இப்பத்தான் நாலு பேரோட சேந்து சிரிக்கறா. இந்தக் கார்டு போச்சுன்னா சாயங்காலத்துக்குள்ள நூத்திப் பன்னெண்டு வீட்டு சாப்பாட்டு மேஜையிலயும் அவ பேர் அடிபடும். 'குடும்பம்னா? ஓ, ஷெரில் பொண்ணா!' அதுக்கப்புறம் அவ எங்க போனாலும் அந்தப் பார்வை அவளுக்கு முன்னாடி போய் நிக்கும். மாட்டேன், என் கையால இதைக் கொண்டு போய்ப் போட மாட்டேன்.

ஆனா தபாலை ஒளிக்கறதும் கிழிக்கறதும் ஜெயிலுக்குப் போற குற்றம். எனக்கு அந்த வேலை வேண்டாம். கார்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். அப்பத்தான் உறைச்சுது, இது ஏன் இவ்வளவு பெரிசா இருக்கு?

"மிஸ்டர் கர்ட்டிஸ், இதை அளந்தீங்களா?"

"எதுக்கு அளக்கணும்?"

கவுண்டர் பக்கத்துல தொங்கற பிளாஸ்டிக் அளவைத் தகட்டை எடுத்து கார்டு மேல வெச்சேன். ஒரு பக்கம் அரை இஞ்ச் வெளியில நீட்டிக்கிட்டு நின்னுச்சு. அந்த ரெண்டு வரிக்கு இடம் வேணும்னு கார்டைப் பெரிசாக்கியிருக்காங்க. ஒட்டினது என்னவோ சின்னக் கார்டுக்கான ஸ்டாம்பு.

"இந்த சைஸுக்கு லெட்டர் ஸ்டாம்பு ஒட்டணும். ஒரே ஆள் போட்டது, பத்துக்கு மேல இருக்கு, ஸ்டாம்பு பத்தல. ரூல் என்ன சொல்லுது?"

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேல என்னைப் பாத்தார். "அனுப்பினவங்களைக் கூப்பிட்டுச் சொல்லணும். சரி பண்ற வரைக்கும் இங்கயே வெச்சுக்கணும். ஆனா வெர்னா, இதைவிடப் பெரிய கிறிஸ்மஸ் கார்டையெல்லாம் வருஷா வருஷம் போட்டிருக்க. ஒரு நாளும் நீ அளந்து நான் பாத்ததில்ல."

"இன்னிக்கு அளந்துட்டேன்."

"காலையில உனக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ரூல் புஸ்தகத்தை நான் எடுத்துத் தரவா, நீங்களே எடுக்கறீங்களா?"

முணுமுணுத்துக்கிட்டே ஃபோனை எடுத்தார். அந்தக் கட்டு அவர் மேஜைக்குக் கீழ போயிடுச்சு. நான் பின் வாசல் பக்கம் போய் ஷெரிலுக்கு ஃபோன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். அவ உடைஞ்சு போய் அழுதா. "எதையாவது பண்ணு வெர்னா, உன் காலைப் பிடிக்கறேன், எலோடிக்கு மட்டும் தெரிய வேண்டாம்." சரின்னு சொன்னேன். சரியான முடிவுன்னுதான் அப்போ நினைச்சேன்.

ரூட்டை முடிச்சுட்டு நேரா மிஸ் ஓடெல் வீட்டுக்குப் போனேன். டர்வின் வீட்டுல இல்ல, பரோல் ஆபீசரைப் பாக்கப் போயிருந்தான். அவங்க கொல்லையில முயல் கூண்டுக்குத் தீனி வெச்சுக்கிட்டு இருந்தாங்க. கறிக்கு வளக்கற முயல்தான், வருஷக்கணக்கா வளக்கறாங்க.

"உள்ள வா, காபி இருக்கு."

"காபி வேண்டாம், மிஸ் ஓடெல்."

"கார்டு பெரிசா போச்சுன்னு கர்ட்டிஸ் ஃபோன் பண்ணினான். அளந்தது நீதானாமே? என் மேல உனக்கு என்ன வன்மம்?"

"அந்த ரெண்டு வரியை யாரு எழுதச் சொன்னது? டர்வினா?"

"அவன் வாயே திறக்கல. நான்தான் பிரிண்ட் கடையில சேக்கச் சொன்னேன். சட்டம் கேட்டதையெல்லாம் போட்டாச்சு. பெத்தவ ஆறுதலுக்கு ஒரு வார்த்தை போட்டா உனக்கு என்ன கொறைஞ்சு போச்சு? அக்கம்பக்கத்துல பயந்து போய் என் ஜன்னல்ல கல்லெறியணுமா? நான் எழுதினதுல பொய் என்ன இருக்கு? குடும்பத்துக்குள்ளதானே நடந்துச்சு!"

"குடும்பத்துக்குள்ளன்னா யாரு? உங்க குடும்பத்துல எத்தனை பொண்ணு இருந்துச்சு? விரல் விட்டு எண்ணுங்க, நான் பாக்கறேன்."

அவங்க கையில இருந்த தீனித் தட்டு சாஞ்சு பாதி தரையில கொட்டிச்சு.

"எனக்குத் தோணவே இல்ல வெர்னா."

"தோணாது. உங்க மகன் பேரைக் காப்பாத்தத் தோணிச்சு. அவ பேர் எங்க தோணும்?"

"அந்தக் குழந்தை இந்தக் கொல்லையில ஓடி விளையாடினவ..." ஏப்ரனால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. வயசான மனுஷி அழறதைப் பாத்து எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா விடல.

"அழுகை அப்புறம் வெச்சுக்கலாம். பிரிண்ட் கடைக்கு ஃபோன் போடுங்க. சின்னக் கார்டு, அந்த ரெண்டு வரி கிடையாது. நீங்க பேசி முடிக்கற வரைக்கும் நான் இங்கயேதான் நிப்பேன்."

பேசினாங்க. பெரிய வெள்ளிக்குக் கடையை மூடிடுவோம், திங்கட்கிழமைதான் கிடைக்கும்னு கடைக்காரன் சொன்னான். திங்கட்கிழமைன்னா கோர்ட் கொடுத்த கெடுவுக்குள்ளதான். நான் கார்ல ஏறினப்போ எனக்கு இருந்த பெருமையை இப்போ நினைச்சா வெக்கமா இருக்கு. ஒரு சட்டத்தையும் மீறாம, ஒரு பிளாஸ்டிக் அளவையை வெச்சு ஜெயிச்சுட்டேன்னு பாட்டு வேற பாடிக்கிட்டுப் போனேன்.

சனிக்கிழமை வந்துச்சு. கிராமத்து ரூட்டுல சொந்தக் கார்லதான் தபால் போடணும். வலது பக்க சீட்டுல உக்காந்துக்கிட்டு, இடது பக்கம் இருக்கற ஸ்டீயரிங்கை இடது கையால பிடிச்சு, இடது காலை எட்டி பிரேக்குல வெச்சு ஓட்டுவேன். அப்பத்தான் ஜன்னல் வழியா பெட்டிக்குக் கை எட்டும். அதனால ஒவ்வொரு வீட்டு வாசலையும் கைக்கெட்டற தூரத்துல பாத்துக்கிட்டேதான் போவேன். மிஸ் ஓடெல் வீட்டுப் பெட்டிகிட்ட நிறுத்தினேன். பக்கவாட்டுல முயல் கூண்டு தெரிஞ்சுது.

கூண்டுகிட்ட பக்கத்து வீட்டு ஆப்ரி நின்னுக்கிட்டு இருந்தா. ஒம்பது வயசு. வெள்ளை முயல்குட்டி ஒண்ணை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இருந்தா. டர்வின் அவ உயரத்துக்குக் குந்தி உக்காந்து, ரெண்டு விரலால முயலோட காதைத் தடவிக்கிட்டு, சின்னக் குரல்ல ஏதோ சொல்லிக்கிட்டு இருந்தான். அவ்வளவுதான். வேற யாராவது பாத்திருந்தா நல்ல மனுஷன், ஈஸ்டருக்குக் குழந்தைக்கு முயல் காட்டறான்னு சொல்லிட்டுப் போயிருப்பாங்க.

ஹாரன்ல கையை வெச்சேன், எடுக்கவே இல்ல.

டர்வின் எழுந்தான். "அட வெர்னா! இன்னும் அதே ஓட்டைக் கார்தானா?" சிரிச்சான். நடுவுல நாலு வருஷம் போகவே போகாத மாதிரி சிரிச்சான் பாவி.

"ஆப்ரி, இங்க வா. உங்க அம்மாவுக்குத் தபால் இருக்கு, நீயே வாங்கிட்டுப் போ."

"முயலு?"

"அதை அங்கயே விடு."

"இது எனக்கு, அவரு கொடுத்துட்டாரு."

"விடுன்னா விடு!"

உதட்டைப் பிதுக்கிக்கிட்டு முயலைக் கூண்டுல விட்டுட்டு வந்தா. அவ நடக்க நடக்க அவ பக்கத்துலயே காரை உருட்டிக்கிட்டு அவங்க வீடு வரைக்கும் போனேன். அவ அம்மா கிறிஸ்டல் துணி உலர்த்திக்கிட்டு இருந்தா. சின்னப் பொண்ணு, முப்பதுகூட இருக்காது. புருஷன் கடல்ல எண்ணெய்க் கிணத்து மேடையில வேலை பாக்கறான், மாசத்துல பாதி நாள் வீட்டுல இருக்க மாட்டான்.

"என்ன மிஸ் வெர்னா, இப்படி ஹாரன் அடிக்கறீங்க? யாராவது மண்டையைப் போட்டுட்டாங்களா?"

"பொண்ணை அந்த வீட்டுப் பக்கம் விடாத."

"மிஸ் ஓடெல் வீட்டுக்கா? முயல் பாக்கத்தானே போறா. நானே ரெண்டு நாளா அனுப்பிட்டு இருக்கேன், எனக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்குது. அந்த மகன்கூட நல்லாத்தான் பேசறாரு. போதை மருந்து கேஸாம், இப்போ திருந்திட்டாராம்."

"நான் சொல்றதைக் கேளு கிறிஸ்டல்."

"கேக்கறேன். ஏன்னு சொல்லுங்க."

ஏன்னு சொன்னா, எந்தக் குழந்தைன்னு அடுத்த கேள்வி வரும். இவளும் இந்த ஊர்ப் பொண்ணுதான், ஷெரில் கல்யாணத்துக்கு வந்து கேக் சாப்பிட்டவ. கண்ணு ரெண்டு தடவை இமைக்கறதுக்குள்ள கண்டுபிடிச்சிடுவா. ஊருக்கே வாய் நீளம்னு பேர் எடுத்த நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அந்த முயலுக்கு ஏதோ நோய் இருக்காம்." இதுதான் சொன்னேன்.

கிறிஸ்டல் சிரிச்சா. "அப்போ கையைக் கழுவச் சொல்றேன்."

மீதி அறுபது பெட்டிக்கும் எப்படித் தபால் போட்டேன்னு எனக்குத் தெரியாது. கார்டு செவ்வாய்க்கிழமையே போயிருந்தா, 'ஆபத்து இல்லை'ன்னு ஆயிரம் தடவை எழுதியிருந்தாலும், கிறிஸ்டல் பொண்ணை இடுப்புல கட்டிப் போட்டாவது வெச்சிருப்பா. இன்டர்நெட்ல அவன் பேர் இருக்கும்தான், ஆனா தேடணும்னு யாருக்காவது தோணணுமே. அவளுக்குத் தெரிய இருந்த ஒரே வழியை அடைச்சவ நான். ரூல் பேசி அடைச்சேன். ஒரு பொண்ணைக் காப்பாத்தறேன்னு கிளம்பி, இன்னொரு பொண்ணைக் கொண்டு போய் அவன் முன்னாடி நிறுத்தினேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா!

உடனே கிறிஸ்டல்கிட்ட திரும்பிப் போயிருக்கணும்னு நீங்க நினைப்பீங்க. நானும் அதைத்தான் நினைச்சேன். ஆனா சொல்லப் போறது என் கதை இல்ல. எலோடிகிட்ட ஒரு வார்த்தை கேக்காம அதை எடுத்துக் கொடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கு? ரூட் முடிஞ்சதும் நேரா அவகிட்ட போனேன்.

சனிக்கிழமையில எலோடி மெயின் ரோட்டு ஐஸ் கடையில வேலை பாக்கறா, ஐஸைத் துருவிக் கிண்ணத்துல போட்டுக் கலர் சர்பத் ஊத்தித் தர்ற கடை. பின் பக்கம் கூப்பிட்டு, கவுத்துப் போட்ட பால் கிரேட்டுல உக்கார வெச்சு, ஒண்ணு விடாம சொன்னேன். கார்டு, ரெண்டு வரி, அளவை, மிஸ் ஓடெல், முயல், நான் சொன்ன பொய்யைக்கூட சொன்னேன். அவ நகத்துல ஒட்டின செகப்பு சர்பத்தைச் சொரண்டிக்கிட்டே கேட்டா.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஆக, எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

"உனக்காகத்தான் கண்ணு அப்படி..."

"எனக்காகவா? என்னைக் கேட்டீங்களா? அவனும் இதைத்தான் சொல்லுவான் நனான். உனக்காகத்தான், உன் நல்லதுக்குத்தான், யார்கிட்டயும் சொல்லாதேம்பான்."

செவுள்ல ஒண்ணு விட்டிருந்தாக்கூட அப்படி வலிச்சிருக்காது.

"அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?"

"ஒம்பது."

"முயலை அவளுக்கே கொடுத்துட்டானா, சும்மா காட்டினானா?"

"கொடுத்துட்டான்னு சொன்னா."

எலோடி எழுந்து ஏப்ரனை அவுத்தா. முடிச்சு சிக்கிக்கிச்சு, நான் உதவப் போனேன், தள்ளி விட்டா. "கிளம்பு. அவங்க வீட்டுக்குப் போகணும்."

"உன் பேரை இழுக்காம நான் பேசிக்கறேன். நீ வர வேண்டாம்."

"நீதான் பேசினியே, முயலுக்கு நோய்னு."

கார்ல ஜன்னல் வழியா நெல் வயலைப் பாத்துக்கிட்டே வந்தா. முழங்காலை ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருந்தா. வேணும்னா திரும்பிடலாம்னு ஒரு தடவை சொன்னேன். அவ காதுல வாங்கல.

கிறிஸ்டல் அடுப்பங்கரையில இருந்தா. ஆப்ரி முன் அறையில டிவி பாத்துக்கிட்டு இருந்தா. எலோடி உக்காரல, நின்னுக்கிட்டே சொன்னா.

"டர்வின் போதை மருந்து கேஸுல போகல. பதினோரு வயசுப் பொண்ணு ஒருத்தியைக் கெடுத்ததுக்குப் போனான். அந்தப் பொண்ணு நான்தான்."

கிறிஸ்டல் கையில இருந்த கரண்டி அப்படியே நின்னுடுச்சு. என்னைப் பாத்தா. நான் தலையை ஆட்டினேன்.

"உங்க வீட்டுக்குக் கார்டு வரும்," எலோடி சொன்னா. "அதுல அவன் பேரும் விலாசமும் இருக்கும். அவன் எப்படி ஆரம்பிப்பான்னு இருக்காது. அதை நான் சொல்றேன். முதல்ல ஏதாவது கொடுப்பான். எனக்குப் பூனைக்குட்டி கொடுத்தான். அப்புறம் ஒரு ரகசியம் சொல்லுவான், சின்ன ரகசியம், தப்பே இல்லாத ரகசியம். அதை நாம யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருக்கோமான்னு பாப்பான். வெச்சிருந்தா கொஞ்சம் பெரிசா ஒண்ணு சொல்லுவான். அப்படித்தான் போகும். நான் அம்மாகிட்ட சொல்றதுக்கு ஒரு வருஷம் ஆச்சு. நான் முட்டாள்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். ஆப்ரியைக் கேளுங்க, திட்டாம கேளுங்க."

கிறிஸ்டல் அடுப்பை அணைச்சா. பொண்ணைக் கூப்பிட்டு மடியில உக்கார வெச்சுக்கிட்டா. அவ குரல் எப்படித்தான் அவ்வளவு சாதாரணமா வந்துச்சோ, பெத்தவளுக்குத்தான் அந்தத் தெம்பு வரும்.

"செல்லம், அந்த முயலுக்கு என்ன பேரு வெச்சிருக்க?"

"சொல்லக் கூடாது."

"ஏன்டா?"

"அது எனக்கும் அவருக்கும் ரகசியம். அம்மாகிட்ட சொன்னா மிஸ் ஓடெல் முயலைக் கறி வெச்சிடுவாங்க." குழந்தைக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "நாளைக்கு மிஸ் ஓடெல் சர்ச்சுக்குப் போனப்புறம் வரச் சொன்னாரு. தனியா வரணுமாம்."

எலோடி அவ முன்னாடி தரையில உக்காந்தா. "முயலை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நீ சொன்னது ரொம்ப சரி. ரொம்ப ரொம்ப சரி." அதைச் சொல்லிட்டுத்தான் அவளுக்கு முதல் தடவையா அழுகை வந்துச்சு.

கிறிஸ்டல் ஷெரிஃப் ஆபீசுக்கு ஃபோன் பண்ணினா. பரோல்ல வந்தவன் குழந்தைங்ககிட்ட பேசறதே குற்றம், அரை மணி நேரத்துல டெபுட்டி லேண்ட்ரி வந்து நின்னார். முதல்ல பக்கத்து வீட்டுக்குப் போனார். ஜன்னல் வழியா பாத்தோம். டர்வின் பின்னால விலங்கு மாட்டின கையோட நடந்து வந்து கார்ல ஏறினான். மிஸ் ஓடெல் வாசல் படியில உக்காந்துட்டாங்க. நான் அவங்ககிட்ட போகல. போயிருக்கலாம், போக மனசு வரல.

அப்புறம் டெபுட்டி இங்க வந்து நோட்டைத் திறந்தார். ஆப்ரி சொன்னதைக் கேட்டு எழுதிக்கிட்டார். அவர் மகன் எலோடியோட அதே பேண்டுல டிரம் அடிக்கறவன். அதனால எலோடியைப் பாத்து, "நீ என்னம்மா இங்க?"ன்னு கேட்டார், பதிலுக்கு நிக்காம கிறிஸ்டல் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எப்படிச் சந்தேகம் வந்துச்சு? யாராவது சொன்னாங்களா?"

கிறிஸ்டல் வாயே திறக்கல. நல்ல பொண்ணு, செத்தாலும் சொல்லியிருக்க மாட்டா. நான் முந்திக்கிட்டேன். "தபால் போட வந்தப்போ நான்தான் பாத்தேன், எனக்குத்தான்..."

"இல்ல," எலோடி சொன்னா. "நான் சொன்னேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"டெக்சஸ் கேஸுல இருக்கற குழந்தை நான்தான். அங்க என் பேரை எழுதல, வெறும் ரெண்டு எழுத்துதான் போட்டாங்க. நீங்க முழுசா எழுதிக்கோங்க. எலோடி பெர்த்தலோ."

டெபுட்டி பேனாவைக் கீழ இறக்கிட்டார். "இது நான் எழுத வேண்டிய அவசியம் இல்லம்மா. உன் பேர் இல்லாமலே இவனை உள்ள வைக்கலாம்."

"வைக்கலாம். ஆனா ஆப்ரி வளந்து பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போவா, அவளை யாராவது ஒரு மாதிரி பாப்பாங்க. அப்போ அவ தனியா இருக்கக் கூடாது. எழுதுங்க."

எழுதினார். எழுதி முடிக்கற வரைக்கும் அவ பேனாவையே பாத்துக்கிட்டு நின்னா.

கார்ல ஏறினதும் எனக்குத்தான் அழுகை நிக்கல. பெரிய மனுஷி நான் அழறேன், அவ என் கைப்பையில துண்டு தேடி எடுத்துக் கொடுக்கறா. "ஷெரில் என்னைக் கொன்னுடுவா"ன்னேன்.

"அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். உன்கிட்ட எனக்கு இன்னும் கோவம் போகல, அது வேற."

"இருக்கட்டும். எவ்வளவு நாள் வேணும்னாலும் இருக்கட்டும்."

கொஞ்ச தூரம் போனதும் கேட்டா. "திங்கட்கிழமை எல்லாரும் என்னைப் பாப்பாங்கல்ல?"

பொய் சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. "பாப்பாங்க கண்ணு"ன்னேன்.

"பாத்துக்கட்டும்."

வீட்டுக்குக் கொண்டு போய் விடறேன்னு சொன்னேன். அஞ்சு மணி வரைக்கும் வேலை இருக்கு, பாதியில வந்துட்டேன், கடைக்கு விடுன்னா. கடை முன்னாடி வரிசை ரோடு வரைக்கும் நீண்டிருந்துச்சு, அதுல மூணு பேரு கிராவோ ரோட்டுக்காரங்க. டெபுட்டி கார் வந்து போனது அதுக்குள்ள அவங்க காதுக்கு எட்டியிருந்துச்சுன்னு திரும்பிப் பாத்த விதத்துலயே தெரிஞ்சுது. எலோடி அவங்களைத் தாண்டி உள்ள போனா. மூஞ்சியைக் கழுவிக்கிட்டு ஏப்ரனைக் கட்டிக்கிட்டு ஜன்னலுக்கு வந்து, அடுத்தது யாருன்னு கேட்டா.